முழு வேகம்

கட்டரை எடுத்து ஒரே வெட்டு. கேபிள் இரண்டாகத் தொங்கியது. இரண்டு வருடமாகக் கனன்றுகொண்டிருந்த கோபம் கொஞ்சம் ஆறியது போலிருந்தது அவளுக்கு.

"என்னம்மா, இருந்ததையும் அறுத்துட்டே?" சுழல் நாற்காலியிலிருந்து எட்டிப் பார்த்தார் முதலாளி. மேலே கோட்டும் டையும், கீழே அரைக்கால் டவுசரும்.

"பழைய கேபிள் சார். இதுல வேகம் வராது. மாத்தித்தான் ஆகணும்."

இன்டர்நெட் கம்பெனித் தொப்பிக்குக் கீழே இருந்த முகம் யாருடையது என்று அவருக்குத் தெரியவில்லை. அவளுக்கு அவரை நன்றாகத் தெரியும். "கவர் இருந்தா மெஷின் ஓட்டம் குறையுது, கழட்டிப் போடு" என்று இவர் சொன்ன மறுவாரம், இவருடைய தொழிற்சாலை பிரஸ் மெஷினில் அவள் தம்பியின் வலது கை மணிக்கட்டோடு போனது. பையன் பராக்குப் பார்த்தான் என்று ஊரெல்லாம் கூசாமல் சொல்லிக்கொண்டிருந்தார் மனிதர்.

காலையில் புகார்ப் பட்டியலில் இந்த வீட்டைப் பார்த்ததும், கூட வேலை பார்ப்பவனிடம் சண்டை போடாத குறையாகக் கேட்டு வாங்கிக்கொண்டு வந்திருந்தாள்.

அவன்தான் இப்போது போனில் கூப்பிட்டான். "என்னக்கா, ஆச்சா? ஒரு மாசத்துக்கு அந்தாளு வீட்டுல நெட் எந்திரிக்கவே கூடாது."

"வந்த காரியத்தை முடிச்சிட்டுத்தான் வருவேன். வை போனை."

முதலாளி கடிகாரத்தைப் பார்த்தார். மூன்று மணிக்கு இன்னும் இருபது நிமிடம் இருந்தது.

"இங்க பாரும்மா, எதையும் நோண்ட வேண்டாம். அஞ்சு ஜிகா வேகம்னு சொல்லி என் தலையில கட்டிட்டீங்க. ஒரு வார்த்தை முழுசா வந்து சேரமாட்டேங்குது. லைன் மோசம்னு ஒரு ரிப்போர்ட் எழுதிக் குடுத்துட்டுக் கிளம்பு, போதும்."

தண்ணீர் கொண்டுவந்த அவர் மனைவி வாசற்படியிலேயே நின்றாள். "காலையில கூடப் படம் நல்லாத்தானே ஓடுச்சு. உங்களுக்கு மீட்டிங்னு வந்தாத்தான் இது படுத்துக்குது."

"உன்னை யாரு கேட்டா? உள்ள போ."

தொப்பியை இழுத்துவிட்டுக்கொண்டு அவள் குனிந்து வேலையைப் பார்த்தாள். வாசலிலிருந்து வரும் ஃபைபரில் குறையில்லை. ரூட்டரின் முதுகில் ஆறு துளைகள். அவற்றில் இரண்டுக்குத்தான் ஐந்து ஜிகாவைத் தாங்கும் தெம்பு. அந்த இரண்டும் சும்மா கிடக்க, கேபிள்கள் மற்றவற்றில் சொருகியிருந்தன. புதுக் கேபிளை இழுத்து, சரியான துளைகளில் மாட்டினாள்.

பிறகு மடிக்கணினியைத் திறந்து ரூட்டரின் செட்டிங்கைப் பார்த்தாள். மேசைக் கணினிக்கு மட்டும் வேகத்தைச் சொட்டுச் சொட்டாக விடும்படி யாரோ கட்டுப்பாடு வைத்திருந்தார்கள். அன்று மதியம்தான் வைத்திருந்தார்கள்.

"இதை யாரு சார் வச்சது?"

"எனக்கென்ன தெரியும்? தானா ஆயிருக்கும்."

"ஆகும் சார்." அதை எடுத்துவிட்டாள்.

சோதனையை ஓடவிட்டாள். முள் ஆயிரத்தைத் தாண்டியது, மூவாயிரத்தைத் தாண்டியது, நாலாயிரத்து எழுநூறு மெகாவில், ஏறக்குறைய ஐந்து ஜிகாவில், போய் நின்றது. இந்த வேகத்தைப் பார்த்தால் டீ வாங்கிக் கொடுக்கும் வாடிக்கையாளர்கள் உண்டு. இவர் முகத்தில் மட்டும் ஈயாடவில்லை.

"நான் இதைக் கேக்கலையேம்மா."

"வேகம் வரலைன்னுதானே சார் புகார் குடுத்தீங்க? இப்ப முழுசா வருது."

"சரி சரி. ரிப்போர்ட்ல நான் சொன்ன மாதிரி எழுது. உன்னைத் தனியா கவனிச்சுக்கறேன்."

"சோதனை முடிஞ்சதும் ரிப்போர்ட் தானா போயிடும் சார். எங்க ஆபீசுக்கு ஒண்ணு. நகல் அனுப்பச் சொல்லிப் புகார்ல நீங்களே ஒரு முகவரி குடுத்திருந்தீங்களே, அங்க ஒண்ணு."

"போயிடுச்சா?"

"அஞ்சு ஜிகா சார். போகாம இருக்குமா?"

அவர் கை டையின் முடிச்சுக்குப் போனது. அதற்குள் மணி மூன்றாகி, மேசைக் கணினி அழைப்பு மணி அடித்தது. அவர் அசையவில்லை. மறுபடி அடித்தது.

"ஏங்க, உங்களைத்தான் கூப்பிடுறாங்க." உள்ளே போகாமல் நின்றிருந்த மனைவி, குனிந்து பொத்தானை அழுத்திவிட்டாள்.

திரையில் கண்ணாடி போட்ட ஒரு பெண் அதிகாரி தோன்றினார். எதிரே உட்கார்ந்து பேசுவது போல அத்தனை தெளிவு.

"வணக்கம் சார். தொழிலாளர் விசாரணை, அஞ்சாவது அமர்வு. நெட் கம்பெனி ரிப்போர்ட் இப்பதான் வந்துச்சு. லைன்ல ஒரு கோளாறும் இல்லைன்னு போட்டிருக்காங்க. இந்தப் பையன் வாயைத் திறந்தாலே உங்களுக்குச் சத்தம் விட்டு விட்டுத்தான் கேக்குதுன்னு நாலு தடவை தள்ளி வச்சாச்சு. இன்னைக்கு அவர் சொல்றதை முழுசாக் கேட்டுடலாம்."

கேமராவின் கண்ணுக்குப் படாத மூலையில் நின்று, கட்டரைத் துடைத்துப் பையில் வைத்தாள் அவள்.

திரையில் இன்னொரு கட்டம் விரிந்தது. அதில் அவள் தம்பி இடது கையால் மைக்கைச் சரிசெய்துகொண்டு, தொண்டையைக் கனைத்தான்.

"சார், நான் பேசுறது இன்னைக்காவது கேக்குதா?"