மிர்னா வீட்டு பிரிண்டர்

“பிரிண்டர் ரிப்பேர்,” என்றாள் மிர்னா, கூசாமல்.

“அப்ப உன் நோட்ஸை மெயில்ல அனுப்பிடேன்.”

“மெயிலா? அதெல்லாம் எனக்குத் தெரியாது. வேணும்னா வீட்டுக்கு வந்து, உட்கார்ந்து எழுதிக்கோ.”

டார்லீனுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. பள்ளிக்கூடச் சமையலறையில் சேர்ந்து மூன்று மாதம். வெள்ளிக்கிழமை உணவுப் பாதுகாப்புப் பரீட்சை. தேறினால் வேலை நிரந்தரம், இல்லையென்றால் வீடு. ஒன்பதாவதோடு படிப்பை விட்டவளுக்குப் புத்தகத்தைத் திறந்தாலே தலை சுற்றியது. கூட வேலை செய்யும் மிர்னாவின் குறிப்புகளைத்தான் மலைபோல் நம்பியிருந்தாள்.

“இருபது பக்கம் டைப் அடிச்சவளுக்கு மெயில் தெரியாதாம்! பிசினாறி!” என்று புருஷனிடம் பொருமினாள்.

“போய் எழுதேன். கை தேஞ்சா போயிடும்?” என்றான் ஓரெஸ்ட்.

மூன்று நாள் சாயங்காலம் மிர்னாவின் சாப்பாட்டு மேஜையில் குனிந்து எழுதினாள். விரல் வீங்கியது. எதிரே ஸ்வெட்டர் பின்னியபடி, “ஒரு வரியை விட்டுட்டே பாரு,” என்று மிர்னா வேறு.

எரிச்சலில் கை பட்டுக் காபி கொட்டியது. ‘முழுக் கோழி வேகும் சூடு, எண்பத்திரண்டு டிகிரி’ என்று நோட்டில் எழுதிய வரியின் மேலேயே.

வெள்ளிக்கிழமை. முதல் கேள்வியே முழுக் கோழி. டார்லீனுக்கு எண் நினைவுக்கு வரவில்லை. கண்ணை மூடினாள். காபிக் கறை தெரிந்தது. கறைக்கு நடுவே எண்பத்திரண்டு! அப்புறம் ஒவ்வொரு பக்கமாகக் கண் முன் வந்து நின்றது.

தொண்ணூற்றொரு மார்க்!

அப்பாடா என்றிருந்தது. கோபத்தை மறந்து, ஒரு தட்டு நிறைய பெரோகிக் கொழுக்கட்டையோடு மிர்னா வீட்டுக்குப் போனாள். வாசலில் பூட்ஸைக் கழற்றும்போதே உள்ளே கரகரவென்று சத்தம்.

பிரிண்டர், பேரனின் ஹாக்கி அட்டவணையைத் துப்பிக்கொண்டிருந்தது.

“ரிப்பேர்னியே?”

மிர்னா அசடு வழிந்தாள். “நானும் டைப் அடிச்சு, பிரிண்ட் எடுத்துத்தான் படிச்சேன். ரெண்டு தடவை ஊத்திக்கிச்சு. கையால எழுதின பிறகுதான் மண்டையில ஏறிச்சு. இதைச் சொன்னா நீ கேட்டிருப்பியா?”

டார்லீன் பெரோகித் தட்டை அவள் பக்கம் தள்ளினாள். “முதல்ல சாப்பிடுடி, பொய்க்காரி.”

அடுத்த மாதம், புதிதாக வேலைக்குச் சேர்ந்த கேண்டிஸ் தயங்கித் தயங்கி வந்தாள்.

“டார்லீன், பரீட்சைக்கு உங்க நோட்டை ஃபோன்ல போட்டோ எடுத்துக்கட்டுமா?”

அடுப்படியில் மிர்னாவின் கரண்டி நின்றது.

“காபி கொட்டிடுச்சும்மா, போட்டோவுல சரியா விழாது,” என்றாள் டார்லீன், கூசாமல். “சாயங்காலம் வீட்டுக்கு வா. உட்கார்ந்து எழுதிக்கலாம்.”