பக்கத்து ஆணி

"த்தூ! இத்தனை வருஷமா நம்மளை எல்லாம் முட்டாளாக்கியிருக்கான்யா இந்த மனுஷன்!"

சலூன்காரர் போட்ட சத்தத்தில் அறையில் இருந்த ஒன்பது பேரும் திரும்பினார்கள்.

குடியை விட்டவர்கள் வாரத்தில் மூன்று சாயங்காலம் கூடும் இடம் அது. சுவர் நெடுக ஆணிகள். ஆணிக்கு ஒரு சிலேட். குடிக்காமல் எத்தனை நாள் ஆயிற்று என்று வந்ததும் அவரவர் எழுத வேண்டும். நடுவில் குடித்துத் தொலைத்தால், இருப்பதை அழித்துவிட்டு மறுபடி 1. இதில் யாருக்கும் சலுகை கிடையாது.

வெல்டரின் சிலேட்டில் திங்கட்கிழமை 2187 இருந்தது. இன்று 1.

"நேத்து குடிச்சிட்டேன்" என்றார் வெல்டர்.

"வெள்ளிக்கிழமை ஆறு வருஷம் முடியுதுன்னு கேக் சொல்லி வெச்சிருக்கோம்யா! வெக்கமா இல்ல?"

"என்னமா புத்தி சொன்னாரு எனக்கு!"

ஆளாளுக்குப் பிடித்து விளாசினார்கள். அந்தக் கூச்சலில், கதவோரம் நின்றிருந்த பெயிண்டர் தன் சிலேட்டில் 46-ஐ அழித்துவிட்டு 1 எழுதியதை யாரும் கவனிக்கவில்லை.

அவன் உள்ளே வந்ததிலிருந்து சாக்பீஸும் கையுமாக அங்கேயேதான் நின்றிருந்தான். பின்னால் வந்த வெல்டர், "ஏன் தம்பி நிக்கிற?" என்று கேட்டு, அவன் முகத்தைப் பார்த்துவிட்டு, பக்கத்து ஆணியில் இருந்த தன் சிலேட்டுக்கு நகர்ந்திருந்தார். அவ்வளவுதான்.

"அறுபது நாள் குடிக்காம இரு. பிள்ளையைக் கூட்டிக்கிட்டு வரேன். ஒரு சொட்டு குடிச்சாலும் என்னை மறந்துடு" என்று சொல்லிவிட்டு அம்மா வீட்டுக்குப் போயிருந்தாள் பெயிண்டரின் மனைவி. பதினாலே நாள்தான் பாக்கி. நேற்று மகளுக்குப் பிறந்தநாள். ஏழு தடவை போன் போட்டான், மனைவி எடுக்கவில்லை. எட்டாவது தடவை போடாமல் பாருக்குப் போய்விட்டான்.

எல்லாம் போச்சு. இன்றைக்கு இங்கே தலையைக் காட்டிவிட்டு, நேராகப் பாருக்குப் போய், இனிமேல் குடித்தே சாவது என்று முடிவு செய்துதான் வந்திருந்தான்.

அங்கே இன்னொரு சட்டமும் உண்டு. 1 எழுதியவனைத் தனியாக வீட்டுக்கு அனுப்பக்கூடாது. வெல்டரோடு போக ஒருவரும் எழுந்திருக்கவில்லை.

"தம்பி, நீ வாயேன்" என்றார் வெல்டர். "போற வழியில பார் இருக்கு. எனக்குப் பயமா இருக்கு."

வேறு வழியில்லாமல் கிளம்பினான். தெருவில் இறங்கியதும் பொரிந்து தள்ளினான்.

"உங்களை நம்பித்தாண்ணே இங்க வந்துக்கிட்டு இருந்தேன்! உங்களாலயே முடியலைன்னா நானெல்லாம் எம்மாத்திரம்?"

"ஆமா தம்பி."

"என்ன ஆமா? இனிமே எனக்கு யாருண்ணே இருக்கா?"

வெல்டர் துண்டை இழுத்துப் போர்த்திக்கொண்டு நடந்தார்.

பார் வந்தது. கதவு திறந்து மூடியபோது வாடை முகத்தில் அடித்தது. பெயிண்டரின் கால் தானாக நின்றது. நாக்கு வறண்டது. இவரை இங்கேயே விட்டுவிட்டு உள்ளே போனால் என்ன? யார் கேட்கப் போகிறார்கள்?

அதற்குள் வெல்டர் அவன் கையைப் பிடித்துக்கொண்டார். "விட்டுடாதே தம்பி. விட்டா நான் உள்ளே போயிடுவேன்."

கை அனலாகக் கொதித்தது. நேற்று ஏற்றிய சரக்கு இன்னும் இறங்கவில்லை போல என்று நினைத்தான். வாடைதான் வரவில்லை. மிட்டாய் கிட்டாய் போட்டு மறைத்திருப்பார், அனுபவசாலி ஆயிற்றே!

"எழவெடுத்த மனுஷன்யா நீங்க!" என்று திட்டிக்கொண்டே அவரைத் தரதரவென்று இழுத்துக்கொண்டு நடந்தான். மூன்று தெரு தாண்டிய பிறகுதான், தானும் பாரைத் தாண்டி வந்துவிட்டது அவனுக்கு உறைத்தது.

வீட்டுக்குள் நுழைந்ததும் வெல்டர் நேராக உள்ளே போய்ப் படுத்துவிட்டார். அவர் மனைவி அடுப்படியிலிருந்து வந்தாள்.

"அண்ணி, அவரைத் திட்டாதீங்க" என்றான் பெயிண்டர். "நேத்து குடிச்சிட்டாராம். சிலேட்ல ஒண்ணுன்னு எழுதிட்டார்."

"நேத்தா?" அவள் புரியாமல் பார்த்தாள். "நேத்து பூரா நூத்திமூணு காய்ச்சல். பாத்ரூமுக்கே நான்தான் தாங்கிப் பிடிச்சுக் கூட்டிட்டுப் போனேன். இன்னிக்கும் போகாதீங்கன்னு தலைபாடா அடிச்சுக்கிட்டேன், கேக்கலை."

பெயிண்டர், வெல்டர் படுத்திருந்த பக்கம் திரும்பிப் பார்த்தான்.

அவள் அவனை ஒரு நிமிஷம் பார்த்தாள்.

"நீ என்ன எழுதின தம்பி?"

தலையைக் குனிந்துகொண்டான். "ஒண்ணு, அண்ணி."

முந்தானையில் கையைத் துடைத்துக்கொண்டு அலமாரியைத் திறந்தாள். பாலித்தீன் கவரில் சுற்றிய சிலேட் ஒன்றை எடுத்து அவன் கையில் கொடுத்தாள். அதில் சாக்பீஸால் 1 என்று எழுதியிருந்தது. கிறுக்கலான எழுத்து.

"எங்க பையன் எழுதினது. போன வருஷம். அவனுக்கும் அது ரெண்டாவது ஒண்ணு. எழுதி மாட்டிட்டு, யார்கிட்டயும் சொல்லாம வெளியே போனான். பொணமாத்தான் வந்தான்."

உள்ளேயிருந்து வெல்டர் இருமும் சத்தம் கேட்டது. அவள் குரலைத் தாழ்த்திக்கொண்டாள்.

"அன்னிக்கு அவனுக்குப் பக்கத்து ஆணியில அவங்க அப்பா சிலேட் தொங்கிச்சு தம்பி. அதுல ஆயிரத்து எண்ணூறுன்னு எழுதியிருந்தார்."