பிளாஸ்க் டீ

“ஒரு டீ குடிச்சா உலை வெடிச்சிருமா, மேடம்?” அணுமின் நிலையப் பொறியாளர் அருளப்பன் முதல் சோதனையன்று கேட்டது பாதுகாப்பு ஆய்வாளர் எழிலரசிக்கு இன்னும் நினைவிருக்கிறது.

“உங்க டீயக் குடிச்சிட்டு, நாளைக்கு உலைய நிறுத்துங்கன்னு எப்படி சார் சொல்றது?” என்று அவள் தன் பிளாஸ்கைத் திறந்தாள். அதன்பின் ஒவ்வொரு சோதனைக்கும் அதே பிளாஸ்க்தான். அவன் சிரிப்பு மட்டும் அவளோடு வீடுவரை வந்துகொண்டிருந்தது.

இன்று அவசர வால்வு மெதுவாக மூடியது. அதை மாற்றும்வரை உலையை இயக்கக் கூடாது என்று எழுதிக் கையெழுத்திட்டாள்.

“கடைசி நாள்லயும் இரக்கமில்லையா?”

“கடைசி நாள்னு வால்வுக்குத் தெரியுமா, சார்?”

நாளை முதல் இந்த நிலையத்தைச் சோதிக்க வேறொருவர் வருவார். அணுசக்தி ஒழுங்குமுறை வாரியத்தில் அவளே கேட்டு வாங்கிய மாறுதல் அது.

வாசலில் கதிர்வீச்சை அளக்கும் அட்டையைக் கழற்றிக் கொடுத்துவிட்டு, காலி பிளாஸ்கோடு அவனிடம் திரும்பி வந்தாள்.

“நாளைக்கு எனக்கு ஒரு டீ வாங்கித் தரீங்களா, அருள்?”