சிலுவைச் செங்கல்

"அந்த மேட்டுப் பக்கம் மட்டும் போகாத சலேத்து, பாம்பு கெடக்கு" என்று கல்யாணமான மறு வருடம் அருளானந்து சொன்னார். "சரிங்க" என்ற சலேத்மேரி, இருபது வருடமாக அந்தப் பக்கம் போகவே இல்லை.

இப்போது அந்த மேட்டைத் தொல்லியல் துறையினர் தோண்டுகிறார்கள். எப்போதோ மண்ணுக்குள் புதைந்துபோன சிற்றாலயத்தின் சுவர் வெளியே வந்துவிட்டது. அருளானந்தும் அங்கே கூலி வேலைக்குச் சேர்ந்திருந்தார். அவருக்குச் சோறு கொண்டுபோன சலேத்மேரியைப் பக்கத்து வீட்டு அழகி வம்புக்கு இழுத்தாள்.

"ஒன் வீட்டுக்காரரு அந்த மூலையில யாரையும் மம்பட்டி வைக்க விடமாட்டேங்கிறாரு. புதையல் ஏதும் இருக்கோ?"

அவள் சொல்லி முடிப்பதற்குள் அதே மூலையில் கூட்டம் கூடிவிட்டது. பச்சைக் குழந்தை ஒன்றின் எலும்புகள். அதிகாரி உதயசூரியனுக்குச் சந்தோஷம் தாங்கவில்லை.

"தலைமாட்டுல பாருங்க, சிலுவை போட்ட செங்கல்! இந்தக் கோயில் கட்டுன காலத்துது. நானூறு வருஷத்துக் குழந்தை! நாளைக்கே புதுக்கோட்டை மியூசியத்துக்கு அனுப்பிரணும்."

அருளானந்து மண்ணிலேயே உட்கார்ந்துவிட்டார்.

"செங்கல்தான் சார் பழசு. இங்கன கெடந்தத நான்தான் எடுத்து வச்சேன். ஞானஸ்நானம் குடுக்குறதுக்குள்ள எங்க புள்ள போயிருச்சு. கல்லறையில எடம் இல்லன்னுட்டாங்க."

சலேத்மேரி சோற்று வாளியைக் கீழே வைத்துவிட்டுக் கணவரின் அருகில் வந்து உட்கார்ந்தாள்.

"அன்னைக்கு எனக்கு மயக்கம் தெளியிறதுக்குள்ள கொண்டாந்துட்டீங்க. இப்பவாச்சும் ஒரு தடவ எங்கையில குடுங்க."