தேக்குத்தூள்

தல்லாகுளத்தில் குடியிருந்த பெர்சி டீச்சர் பழைய செயின் ரம்பங்களை வாங்கி, பழுதுபார்த்துச் சேர்த்துவந்தாள். திருமங்கலத்தில் ஒரு பழைய இரும்புக் கடையில், கைப்பிடியில் பச்சை ஒயர் சுற்றிய ரம்பத்தைக் கண்டாள். விசாரணையின்போது கோர்ட்டில் பார்த்த அதே ரம்பம். எழுமலையில் லூர்துராஜ் அதை வைத்துச் சாய்த்த புளியமரம்தான் அவள் தம்பி ஆலன்மேல் விழுந்து அவனைக் கொன்றது. விபத்து என்று வழக்கை முடித்துவிட்டார்கள்.

ஞாயிற்றுக்கிழமை கார்புரேட்டரைக் கழுவி, புதுப் பிளக் போட்டு, மேசைமேல் வைத்து ஓட்டிப்பார்த்தாள். சங்கிலியே மாட்டவில்லை. ஆனாலும் மேசைக்கடியில் தேக்குத்தூள் குவிந்தது. அதன்பின் ஒவ்வொரு ஞாயிறும் ஓட்டினாள்.

ஒரு சனிக்கிழமை காலை லூர்துராஜ் வந்து வாசலிலேயே நின்றான்.

"ஞாயித்துக்கிழமையானா எங்க வீட்டுல ஏதாச்சும் அறுபட்டுக் கெடக்குக்கா. மொதல்ல தேக்கு நெலக்கதவு, போன வாரம் தேக்குக் கட்டிலு. அறுத்த தடம் நா வித்த மிஷினு தடந்தான். அது ஒங்ககிட்டதான் இருக்குன்னு கடைக்காரரு சொன்னாரு. குடுத்துருங்கக்கா."

"ஆலன் கீழ நின்னது ஒனக்குத் தெரியுமா?"

அவன் தரையைப் பார்த்தான். "தெரியும்க்கா. வரப்புத் தகராறு. ஆத்திரத்துல சாச்சுப்புட்டேன்."

பெர்சி அழவில்லை. "சரி, வீட்டுக்குப் போ" என்றாள்.

அவன் பஸ் பிடித்து எழுமலை போய்ச் சேரும்வரை பொறுத்திருந்தாள். விடைத்தாள் திருத்தினாள், சாப்பிட்டாள். பிறகு பெட்ரோல் ஊற்றிக் கயிற்றை இழுத்தாள்.

இந்த முறை விழுந்த தூள் ஈரமாக, சிவப்பாக இருந்தது. அவள் ரம்பத்தை நிறுத்தவில்லை.