மடங்காத சுண்டுவிரல்

இப்போதெல்லாம் எவனும் எதையும் ஒரு வார்த்தை கேட்பதில்லை, நீட்டினதை வாங்கி மாட்டிக்கொண்டு பல்லிளிக்கிறான் என்று மயில்சாமிக்கு எரிச்சல். பம்பு கம்பெனியில் அவரை நிறுத்தி எட்டு மாதம். மருமகள் சம்பாத்தியத்தில் சாப்பிடுவது தொண்டையில் இறங்காமல்தான் இந்த மறுவேலைப் பயிற்சி மையத்துக்கு வந்திருந்தார். பயிற்சிக்கு வந்த இருபது பேருக்கும் ஒரே மாதிரி இயந்திரக் கையுறை. அதுவே விரலைப் பிடித்து வேலை பழக்கும். மூன்று நாளில் தேறினால் மோட்டார் கம்பெனியில் வேலை.

நட்டை முடுக்கும்போது அவருடைய சுண்டுவிரல் தானாக விறைத்து நின்றது. வரிசையைப் பார்த்தார். இருபது பேருக்கும் அப்படியே நின்றது.

"அம்மிணி, இது சேசுராஜ் கை" என்றார், பயிற்சி கொடுக்கும் பெண்ணிடம். "பம்பு கம்பெனி பிரஸ் மெஷின்ல நசுங்கின விரலு. முப்பது வருசம் என் பக்கத்துல நின்னவன், எனக்குத் தெரியாதா?"

அவள் திரையைத் தட்டிப் பார்த்தாள். "ஆமாங்கய்யா, அவரு கையைப் பார்த்துத்தான் இதைப் பழக்கினாங்க. ஒரு பிசகு கிடையாதாம்."

"அப்ப அவனுக்கு வேலை குடுத்தாச்சா?"

"இல்லீங்க. விரல் மடங்கலைன்னு உடல் தகுதியில கழிச்சுட்டாங்க."

"நாங்க மட்டும் மடக்கியா முடுக்கறோம்?"

"உங்களுக்கு மடங்குமில்லீங்களா? அதான் விதி. உக்காருங்க, ரெண்டே நாளு, உங்களுக்கு வேலை உறுதி."

மயில்சாமி கையுறையை உருவி மேசையில் வீசினார்.

"அப்ப நீயே போய் முடுக்கு."

விதி ஏன் சரி என்று அவள் வாசல்வரை விளக்கிக்கொண்டே வந்தாள். அவர் காதில் போட்டுக்கொள்ளாமல் படியிறங்கி நடந்தார்.