பாமிர் வண்ணத்துப்பூச்சி

ஜொனத்தன் மேசையில் வைத்த காகிதத்தை அமலராணி மெல்லப் பிரித்தாள்.

முக்கோணமாக மடித்த காகிதம். உள்ளே இறகுகளை மூடியபடி ஒரு வெள்ளை வண்ணத்துப்பூச்சி. பாமிர் மலையில், மரம் முளைக்காத உயரத்தில் மட்டும் பறக்கிற இனம். அதைத் தேடித்தான் அவளுடைய மகன் சாருஜன் போன கோடையில் டென்மார்க்கின் விபோர்க்கிலிருந்து அவ்வளவு தூரம் போனான்.

பாறைச் சரிவில் வலையை வீசியபோது கால் வழுக்கியது. வீட்டுக்கு வந்து சேர்ந்தது பெட்டிதான்.

அவனோடு கூடப் போனவன் ஜொனத்தன். அடக்கத்தன்று இந்தக் காகிதத்தைக் கொடுக்க அவனால் முடியவில்லை. அன்று சொன்னதை மட்டும் இன்றும் சொன்னான்.

"விழுந்த உடனையே முடிஞ்சுது, அங்கிள். நோகேல்லை."

சாருஜனின் அப்பா யோசேப் தலையாட்டினார். அந்த ஒரு சொல்லைப் பிடித்துக்கொண்டுதான் இத்தனை மாதமும் வேலைக்குப் போய் வந்தார். கோப்பி போட எழுந்து குசினிக்குள் போனார்.

அமலராணி குனிந்து பார்த்தாள். இறகில் சிவப்புப் புள்ளிகள். காகிதத்தின் உட்பக்கத்திலும் ஒரு சிவப்பு. இறகின் நிறம் ஒட்டியிருக்கிறது என்று நினைத்து, பூச்சியைச் சற்றே நகர்த்தினாள்.

இரத்தத்தில் பதிந்து, காய்ந்து பழுப்பேறிய பெருவிரல் அடையாளம். ரேகைகூடத் தெரிந்தது.

மடிப்புக்குள்ளே.

"இதை மடிச்சது ஆர், தம்பி?"

ஜொனத்தன் ஜன்னலைப் பார்த்தான். வெளியே ஈரப்பனி விழுந்துகொண்டிருந்தது.

"அவன்தான், அன்ரி. செட்டை உடையக்கூடாதெண்டு கனநேரம் மினைக்கெட்டவன். என்னாலை அவனைத் தூக்க ஏலாமல் போச்சு. உதவிக்கும் ஒருத்தரும் வரேல்லை. பொழுதுபடுமட்டும் கதைச்சுக்கொண்டு கிடந்தவன்."

குசினியில் கேத்தல் கொதித்து அடங்கியது. யோசேப் வாசலில் நின்றிருந்தார். எப்போது வந்தார் என்று தெரியவில்லை.

அமலராணி காகிதத்தைச் சட்டென்று மூடினாள்.

ஏன் பொய் சொன்னாய் என்று அவர் கேட்கவில்லை.

"டெனிஷிலையோ கதைச்சவன்?"

"இல்லை, அங்கிள். தமிழிலை."



பள்ளிக்கூடம் போகத் தொடங்கிய பிறகு, சாருஜன் அந்த வீட்டில் தமிழில் ஒரு வார்த்தை பேசியதில்லை.